தலைப்பிரட்டைகளை இனங் கண்டறியும் முறை
மண்ணுள் மறைந்து வாழும் அபூர்வத் தவளைகளைப் பற்றிய ஒரு பாடம்

கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் முதற் பெருமழை பெய்து ஓய்ந்த இரவில் ஏரியின் உட்புறத்திலும், வயல் வரப்பிலும், பாறைக் குழிகளிலும் தவளைகள் கூடிச் சப்தமிடுவதைக் கேளாத குடியானவர் எவரும் இரார். சில நாட்களில் அச்சப்தம் அடங்கிவிடுகிறது. பின்னர் அதே குட்டைகளில் தலை பெருத்தும் வால் நீண்டும் உள்ள சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் நீந்துகின்றன. இவற்றைத் தலைப்பிரட்டைகள் என வழங்குவர். பார்ப்பவர் கண்ணுக்கு இவை யாவும் ஒரே ஜாதி போலத் தோன்றும். உண்மையில் ஒரு சிறு குட்டையிலேயே மூன்று நான்கு இனங்களின் குஞ்சுகள் கலந்திருப்பது சாதாரணம். அவற்றைப் பிரித்தறியும் விதமும், அவ்வறிவினால் கிராமத்துக்கு உண்டாகும் பிரயோஜனமும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

குஞ்சைக் கொண்டு தவளையை அறிவதன் அவசியம்

தவளைகளுள் சில வருஷ முழுவதும் ஜலக்கரையிலேயே காணப்படும். வேறு சிலவோ வருஷத்தின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்து, மழை தொடங்கும் ஒரு சில இரவுகளில் மாத்திரம் மேலே வந்து, முட்டையிட்டு, மறுபடியும் மண்ணுக்குள் சென்றுவிடும். தன் வாயாற் கெடுவதாகப் பழமொழியிற் சொல்லப்படும் நுணல் இவ்வகையைச் சேர்ந்தது. அது குரல் கொடுத்தாலன்றி அது இருக்குமிடம் தெரியாது.

இவ்விதமான தவளைகளை வளர்ந்த நிலையிற் காண்பது அரிது. ஆனால் அவற்றின் குஞ்சுகள் வாரக்கணக்கிலும், சில இனங்களில் மாதக்கணக்கிலும், பகல் வெளிச்சத்தில் ஜலத்தில் இருக்கின்றன. ஆகையால் அபூர்வத் தவளை ஒன்று ஓரிடத்தில் வாழ்கிறதா இல்லையா என்பதற்குத் தலைப்பிரட்டையே தக்க சாக்ஷியாகும். இதற்கு நமது நாட்டிலேயே சிறந்த திருஷ்டாந்தம் ஒன்று உண்டு.

மேற்கு மலைத்தொடரின் ஊதாத் தவளை

1918-ம் வருஷத்தை ஒட்டி, கல்கத்தாவில் இந்திய விலங்கியல் ஆராய்ச்சித் துறையின் தலைவராயிருந்த நெல்சன் அன்னண்டேல் என்பவரும், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் ஆசிரியராயிருந்த சி. ஆர். நாராயண ராவ் அவர்களும் தென்னிந்தியத் தலைப்பிரட்டைகளை ஆராய்ந்து எழுதி வந்தனர். அக்காலத்து ஆராய்ச்சிகளில் மலை ஓடைகளில் அகப்பட்ட ஒரு விசித்திரமான தலைப்பிரட்டையும் விவரிக்கப்பட்டது. அதன் வாய் தலையின் அடிப்புறத்தில் அகன்று, பாறையை உறிஞ்சிப் பற்றிக்கொள்ளும் தன்மையுடையதாயிருந்தது. வயிறு தட்டையாகவும், கண்கள் தலையின் மேற்புறத்திலும், வால் தசைப் பற்றுடன் வலிமையாகவும் இருந்தன. வேகமாய்ப் பாயும் நீரில் அடித்துச் செல்லப்படாமல் வாழ்வதற்கு ஏற்ற அமைப்பு இது.

குஞ்சு இவ்வாறு பதிவாயிற்று. ஆனால் அக்குஞ்சு வளர்ந்து ஆகும் தவளையோ விஞ்ஞான உலகில் பெயரில்லாமலேயே இருந்தது. மலைவாழ் மக்களும் தோட்ட வேலைக்காரர்களும் மண்ணைத் தோண்டும்போது அதனைக் கண்டிருக்கின்றனர். எனினும் 2003-ம் வருஷத்தில்தான், கேரளத்தின் இடுக்கி ஜில்லாவில் அகப்பட்ட மாதிரியைக் கொண்டு, எஸ். டி. பிஜு அவர்களும் பெல்ஜியம் தேசத்து பிராங்கி பொசுயிட் அவர்களும் அதற்கு நாஸிகபட்ராகஸ் ஸஹ்யாத்ரென்ஸிஸ் என்று பெயரிட்டு வெளியிட்டனர். மூக்கு நீண்டிருப்பதால் நாஸிகை என்ற சொல்லும், ஸஹ்யாத்ரி மலையில் வாழ்வதால் இரண்டாஞ் சொல்லும் அமைந்தன. குஞ்சு விவரிக்கப்பட்டதற்கும் தவளைக்குப் பெயர் இடப்பட்டதற்கும் இடையே சுமார் 85 வருஷங்கள் சென்றன.

இத்தவளைக் குடும்பத்தின் நெருங்கிய உறவினங்கள் இந்தியாவில் இல்லை. ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே இந்து மகா சமுத்திரத்திலுள்ள செஷெல்ஸ் தீவுகளில் அவை வாழ்கின்றன. இந்தியாவும் அத்தீவுகளும் ஒரே நிலப்பரப்பாய் இருந்த மிகப் பழங்காலத்தில் தோன்றிய குடும்பம் இது என்பதை இவ்வுறவு காட்டுகிறது.

பின்னர் 2017-ம் வருஷத்தில் அதே இனத்தொகுதியைச் சேர்ந்த மற்றொரு தவளை நமது ராஜ்யத்திலேயே, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த மலைச்சரிவில் இருப்பதாக வெளியிடப்பட்டது. கோயம்புத்தூர் ஸலீம் அலி பறவையியல் ஆராய்ச்சி மையத்தில் ஊர்வன, தவளைகள் ஆகியவற்றை ஆராய்ந்து 2014-ல் காலமான எஸ். பூபதி அவர்களின் ஞாபகார்த்தமாக அதற்கு நாஸிகபட்ராகஸ் பூபதி என்று பெயரிட்டனர். கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் முட்டையிடுகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் தவளையோ வடகிழக்குப் பருவமழையில் முட்டையிடுகிறது. குஞ்சுகள் ஏறக்குறைய நான்கு மாத காலம் ஓடைப் பாறைகளைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்று வளர்கின்றன. இப்பிராணி தன் ஆயுளில் தொடர்ச்சியாக வெளியுலகில் இருக்கும் காலம் இந்த நான்கு மாதங்களே. இடுக்கிப் பிரதேசத்தில் சிலர் இத்தலைப்பிரட்டைகளைப் பாறையிலிருந்து திரட்டி உணவாக உட்கொள்வதும், அதனால் இவ்வினத்துக்குக் கேடு விளைவதும் 2015-ம் வருஷத்து ஆராய்ச்சிக் கட்டுரையொன்றில் எடுத்துக்காட்டப்பட்டுள்ளன.

உருவம் ஒத்த இரு தவளைகள்

ஊதாத் தவளை மலை ஓடையைச் சேர்ந்தது. கண்டாச்சிபுரத்தில் அதனை எதிர்பார்த்தல் கூடாது. ஆயினும் அதனை உருவத்திலும் ஒழுக்கத்திலும் பெரிதும் ஒத்த ஒரு தவளை தமிழ்நாட்டுச் சமவெளிகளில் உண்டு. அதற்குப் பலூன் தவளை என்று பெயர் வழங்குகிறது. விஞ்ஞானிகள் யூபெரோடான் ஸிஸ்டோமா என்பர். 1799-ம் வருஷத்திலேயே ஷ்னைடர் என்ற ஜெர்மானியர் இதனை விவரித்தார். உடல் உருண்டை, கால்கள் குட்டை, தலை சிறிது. பின்னங்காலின் அடியில் மண்வெட்டி போன்ற தடித்த மேடுண்டு. அதனால் மண்ணைப் பறித்துப் பின்புறமாகவே உள்ளிறங்கும். கறையானும் எறும்புமே இதன் முக்கிய ஆகாரம். தொந்தரவு செய்தால் காற்றை நிரப்பி உடலை உப்பச் செய்துகொள்ளும். நிலத்தை ஆழ உழும்போதும், வரப்பை வெட்டும்போதும் அருமையாக இது வெளிப்படுவதுண்டு.

ஊதாத் தவளையும் உருண்டை உடல் கொண்டது, குட்டைக் காலுடையது, மண்ணைத் தோண்டி வாழ்வது, கறையானைத் தின்பது. தொழில் ஒன்றாயிருப்பதால் உருவமும் ஒன்றுபோல் அமைந்ததேயன்றி, இவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வளர்ந்த தவளையைப் பார்த்து மயங்கக்கூடியவரும் குஞ்சுகளைப் பார்த்தால் மயங்கார். ஊதாத் தவளையின் குஞ்சு உறிஞ்சுவாய் கொண்டு பாறையில் ஒட்டியிருக்கும். பலூன் தவளையின் குஞ்சு தேங்கிய ஜலத்தின் நடுவே மிதந்து நிற்கும். அதன் வாயில் உறிஞ்சும் அமைப்பும் இல்லை, கொம்புப்பற்களும் இல்லை. இரண்டு தாய்கள் மண்ணுக்குள் ஒருவிதமாய் வாழ்ந்தாலும், குஞ்சுகள் வளரும் ஜலம் வேறாகையால் குஞ்சுகளின் அங்க அமைப்பும் வேறாயிற்று.

கவனிக்க வேண்டிய அங்கங்கள்

தலைப்பிரட்டையை இனங் காண்பதற்கு அடியிற்கண்ட ஐந்து விஷயங்களை வரிசையாகப் பார்க்கவேண்டும்.

1. வாய்: பெரும்பான்மையான தலைப்பிரட்டைகளின் வாயில் கிளிமூக்குப் போன்ற கறுத்த அலகும், அதன் மேலும் கீழும் சீப்பின் பல்போல் வரிசையான நுண்ணிய கொம்புப்பற்களும் இருக்கும். இவை பாசியைச் சுரண்டுவதற்கு உதவுவன. சிறுவாய்த் தவளைக் குடும்பத்தின் குஞ்சுகளுக்கு இந்த அலகும் பற்களும் இரா. அவை ஜலத்தில் மிதக்கும் நுண்ணிய பாசியை வடித்து உண்ணும். பலூன் தவளை இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

2. மூச்சுத்துளை: வாயினால் உட்கொள்ளப்பட்ட ஜலம் செவுள்களின் மேற் சென்று ஒரு சிறு துளையின் வழியாக வெளியேறுகிறது. சாதாரணத் தவளை, தேரை, மரத்தவளை ஆகியவற்றின் குஞ்சுகளில் இத்துளை உடலின் இடப்பக்கத்தில் இருக்கும். சிறுவாய்த் தவளைக் குஞ்சுகளில் அது வயிற்றின் நடுக்கோட்டில் பின்புறமாக அமைந்திருக்கும். பூதக்கண்ணாடியால் நோக்கினால் இது புலப்படும்.

3. கண்: தரையை ஒட்டி மேயும் குஞ்சுகளுக்குக் கண்கள் தலையின் மேற்புறத்திலும், நடு ஜலத்தில் மிதப்பவற்றுக்கு இரு பக்கங்களிலும் அமைந்திருக்கும்.

4. வால்: ஓடும் நீரில் வாழ்பவற்றுக்கு வால் தசை பருத்து, அதன் மேலும் கீழும் உள்ள சவ்வு குறுகலாயிருக்கும். தேங்கிய ஜலத்தில் வாழ்பவற்றுக்கு அச்சவ்வு அகலமாயிருப்பது வழக்கம்.

5. நிறமும் கூட்டமும்: உடல் கறுப்பா, பழுப்பா, கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவதா என்பதையும், கூட்டமாகத் திரிகிறதா தனித்து நிற்கிறதா என்பதையும் குறித்துக்கொள்ளவேண்டும். நிறம் மாத்திரம் பார்த்து முடிவு செய்தல் தகாது. கலங்கல் ஜலத்திலுள்ள குஞ்சு வெளுத்தும், தெளிந்த ஜலத்திலுள்ளது கறுத்தும் காணப்படக்கூடும்.

இவ்வட்டாரத்துக் குட்டைகளில் எதிர்பார்க்கத்தக்கவை

தேரையின் குஞ்சு: கறுத்துச் சிறிதாயிருக்கும். நூற்றுக்கணக்கில் ஒன்றுசேர்ந்து ஆழமில்லாத ஓரத்தில் மொய்க்கும். இதன் முட்டைகள் நீண்ட நூல்போன்ற வழுவழுப்பான சரத்தில் கோக்கப்பட்டிருக்கும். ஜலச்செடிகளைச் சுற்றிக் கிடக்கும் இச்சரத்தைக் கண்டால் வேறு அடையாளம் வேண்டியதில்லை.

பெரிய வயல் தவளையின் குஞ்சு: உருவத்திற் பெரிது. வாயின் அலகு வலிமையுடையது. இது மாமிச பக்ஷிணி. கொசுப்புழுக்களையும் மற்றத் தலைப்பிரட்டைகளையும் பிடித்துத் தின்னும். ஆகையால் குட்டையில் தனித்தனியே திரியும். இத்தவளையின் காலுக்காக முற்காலத்தில் வயல்களிலிருந்து ஏராளமாய்ப் பிடித்து அந்நிய தேசங்களுக்கு அனுப்பிவந்தனர். 1987-ம் வருஷத்தில் இந்திய அரசாங்கத்தார் அவ்வேற்றுமதியைத் தடைசெய்தனர்.

மரத்தவளையின் குஞ்சு: ஜலத்துக்கு மேலாக, கிணற்றுச் சுவரிலோ தொட்டியின் விளிம்பிலோ கிளையிலோ சோப்பு நுரைபோன்ற கூடு ஒட்டியிருந்தால் அது மரத்தவளையின் முட்டைக்கூடாகும். குஞ்சுகள் பொரிந்து கீழேயுள்ள ஜலத்தில் விழுந்து வளரும்.

சிறுவாய்க் குறுந்தவளையின் குஞ்சு: உடல் கண்ணாடிபோல் இருப்பதால் உள்ளுறுப்புகள் தெரியும். வாலின் நுனி நூல்போல் மெலிந்திருக்கும். நடு ஜலத்தில் அசையாமல் மிதந்து நிற்கும்.

பலூன் தவளையின் குஞ்சு: மேற்சொன்ன குறுந்தவளையின் குடும்பமேயாயினும், உடல் பருத்தும் நிறம் அடர்ந்தும் இருக்கும். அலகும் கொம்புப்பற்களும் இன்மை, வயிற்றின் நடுவிலுள்ள மூச்சுத்துளை, பக்கவாட்டுக் கண்கள் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்தி, உடல் கண்ணாடிபோல் தெரியாமலிருக்குமாயின், மண்ணுள் வாழும் இத்தவளை அவ்விடத்தில் இருக்கிறதெனக் கருதி மேலும் பரிசோதிக்கலாம்.

இவ்வைந்தினுள் அடங்காத குஞ்சு காணப்படின் அதனைத் தனியே குறித்தல் வேண்டும்.

பரிசோதிக்கும் முறை

வெண்மையான பீங்கான் தட்டு ஒன்று, கண்ணாடித் தம்ளர் ஒன்று, சாதாரணப் பூதக்கண்ணாடி ஒன்று, தேநீர் வடிகட்டி ஒன்று ஆகிய இவை போதுமானவை. குட்டையின் ஜலத்தையே தம்ளரில் எடுத்து, வடிகட்டியால் குஞ்சை மெதுவாக அள்ளி விடவேண்டும். குளோரின் கலந்த குழாய் ஜலத்தில் விடலாகாது. உலர்ந்த கையால் தொட்டாலும், பூச்சிமருந்து பட்ட கையால் தொட்டாலும் தோல் கெடும். தம்ளரின் பக்கத்திலிருந்து கண்ணையும் வாலையும், அடியிலிருந்து வாயையும் மூச்சுத்துளையையும் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.

ஐயம் தீராவிடின் இரண்டு மூன்று குஞ்சுகளை மாத்திரம் அகன்ற மண்சட்டியில், நிழலில் வைத்து, வேகவைத்த கீரையைச் சிறிது சிறிதாக இட்டு வளர்க்கலாம். முதலில் பின்னங்கால்களும், பிறகு முன்னங்கால்களும் வெளிப்படும். கடைசியில் வால் சுருங்கி மறையும். முன்னங்கால் தோன்றியவுடன் சட்டியில் ஒரு கல்லையாவது ஓட்டையாவது ஜலத்துக்கு மேல் தெரியும்படி வைத்தல் அவசியம். அந்நிலையில் நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்குவதால், ஏறி நிற்க இடமில்லாவிட்டால் குஞ்சு மூழ்கி இறந்துபோகும். உருமாறிய சிறு தவளையைப் பார்த்து இனத்தை உறுதிசெய்தபின், எடுத்த குட்டையின் ஓரத்திலேயே விடவேண்டும். ஒரு குட்டையின் குஞ்சை வேறு குட்டையில் விடுவதால் வியாதி பரவக்கூடும்.

குட்டைகள் அழிவதால் நேரும் நஷ்டம்

மண்ணுள் வாழும் தவளை வருஷத்தில் சில இரவுகளில் மாத்திரம் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் பொரிந்து கால் முளைத்துக் கரையேறும்வரை குட்டையில் ஜலம் நிற்கவேண்டும். இடையில் அக்குட்டை தூர்க்கப்பட்டாலும், விஷம் கலந்தாலும் அவ்வருஷத்துச் சந்ததி முழுவதும் ஒரே நாளில் அழிந்துவிடும். பல வருஷம் இவ்வாறு நிகழ்ந்தால், மண்ணிலுள்ள முதிர்ந்த தவளைகள் மடிந்தபின் அவ்வூரில் அவ்வினமே இராது. வெளியிற் காணப்படாத பிராணியாகையால் அது ஒழிந்ததையும் ஒருவரும் அறியார். கறையானை உண்டு பயிருக்கும் மரத்துக்கும் சம்பளமின்றி ஊழியம் செய்யும் பிராணியை ஊரார் இவ்விதம் அறியாமலே இழக்க நேரும்.

ஆகையால் நிலச்சுவான்தார்களும் கிராமாதிகாரிகளும் பின்வருவனவற்றை அனுசரித்தல் நலம்.

மருந்தடித்த கைத்தெளிப்பானைக் குட்டையிலோ வாய்க்காலிலோ கழுவலாகாது. கிளைபோசேட் களைக்கொல்லிகளுள் சிலவற்றில் இலையில் பரவி ஒட்டுவதற்காகச் சேர்க்கப்படும் சோப்புப் போன்ற திரவம், அம்மருந்தைவிடத் தலைப்பிரட்டைகளுக்கு அதிகக் கேடு செய்வது பரிசோதனைகளில் கண்ட உண்மை. தெளிப்பானைக் கழுவிய ஜலத்தை வெற்று நிலத்தில் ஊற்றுவதே தக்கது.

வயலில் ஜலத்தை வடிக்கும் தருணத்தில் தாழ்ந்த மூலையில் முழங்கை ஆழத்துக்குச் சிறு பள்ளம் ஒன்று விடப்படுமானால், குஞ்சுகள் அதில் ஒதுங்கிப் பிழைக்கும். இதற்கு வேண்டிய நிலம் ஒரு நாற்றுக்கட்டு வைக்கும் இடத்துக்கு மேற்படாது.

ஏரியில் வண்டல் எடுப்பதும் குட்டையைத் தூர்வாருவதும் கோடையிலேயே முடிக்கப்படவேண்டும். மழை தொடங்கித் தலைப்பிரட்டைகள் தோன்றியபின் செய்தல் தகாது.

கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீனை விடும் வழக்கம் உண்டு. அம்மீன் கொசுப்புழுவோடு தலைப்பிரட்டையையும் கடித்துத் தின்னும். கோடையில் வற்றும் மழைக்குட்டைகளில் இயற்கையாக மீன் இருப்பதில்லை. அக்காரணத்தாலேயே பல தவளைகள் அவற்றைத் தேர்ந்து முட்டையிடுகின்றன. எனவே கிணறு, தொட்டி முதலியவற்றில் அம்மீனை விடுவதோடு நிறுத்திக்கொண்டு, மழைக்குட்டைகளை விட்டுவிடுதல் வேண்டும்.

பதிவேட்டில் குறித்தல்

2002-ம் வருஷத்திய பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின்படி ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழு அமைத்து, அவ்வூரிலுள்ள செடி கொடி பிராணிகளைப் பற்றிய மக்கள் பதிவேடு ஒன்றைத் தயாரிக்க ஏற்பாடு உண்டு. அப்பதிவேட்டில் நெல் வகைகளும் கால்நடைகளும் மூலிகைகளும் குறிக்கப்படுவது போல, தலைப்பிரட்டைகளும் குறிக்கப்படவேண்டும். குட்டையின் பெயர், சர்வே எண், மழை பெய்த தேதி, குஞ்சு காணப்பட்ட தேதி, மேற்சொன்ன ஐந்து அடையாளங்கள், குட்டை வற்றிய தேதி ஆகிய இவ்வளவே போதும். பள்ளிக்கூடத்து மேல்வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியரின் மேற்பார்வையில் இதனைச் செய்யக்கூடும். குட்டையைத் தூர்க்கவோ வேறு உபயோகத்துக்கு மாற்றவோ மனு வரும்போது, கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் அக்குட்டையில் என்ன வாழ்கிறது என்பதை இப்பதிவைக் கொண்டு தெரிந்து முடிவு செய்யலாம். பதிவு இல்லாவிடில் அது வெறும் பள்ளமாகவே கணக்கில் நிற்கும்.

1918-ம் வருஷத்தை ஒட்டி எழுதி வைக்கப்பட்ட ஒரு குஞ்சின் விவரம், அதன் தாய்த்தவளை பெயர் பெற்றபின்னும் உபயோகமாயிருந்தது. அடுத்த வடகிழக்குப் பருவமழையின் முதல் வாரத்தில் கண்டாச்சிபுரம் வட்டாரத்துக் குட்டைகளில் எடுக்கப்படும் குறிப்பும், தேதியும் இடமும் தவறாமல் எழுதப்பட்டிருக்குமானால், அவ்வாறே நெடுங்காலம் பயன்படும். குடியானவர்கள் தத்தம் நிலத்தை அடுத்த குட்டை ஒன்றையாவது இவ்வருஷம் கவனித்து, கண்டதை ஊராட்சிப் பதிவேட்டில் சேர்ப்பிப்பார்களாக.